காகிதத்தில் நீர் ஒட்டாமற் செய்வது எப்படி?

சாதாரணக் காகிதத்தின்மீது ஒரு துளி நீர் விழுந்த மாத்திரத்தில் அது பரவி உள்ளே ஊறிப்போவதற்குக் காரணம், காகித நார்களுக்கு ஆதாரமான செல்லுலோஸ் மூலக்கூறுகளில் நிறைந்துள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் நீர் மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்பினால் தம்பால் ஈர்த்துக்கொள்வதேயாகும். இந்த ஈர்ப்பை ஒழிக்கும் உபாயமொன்றை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த பேட்னோட் என்ற ரசாயன அறிஞர் கண்டறிந்து, 1942-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

மெத்தில்குளோரோசிலேன் வகைத் திரவங்களின் ஆவியில் காகிதத்தைச் சிறிது நேரம் காட்டினால், அவ்வாவி நார்களின் மேற்பரப்பிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகளோடும் ஈரத்தோடும் வினைபுரிந்து, ஹைட்ரஜன் குளோரைடை வெளியேற்றிவிட்டு, நீரோடு உறவாடாத மெத்தில் தொகுதிகளை வெளிமுகமாகக் கொண்ட சிலிக்கோன் படலமொன்றை, கண்ணுக்குப் புலப்படாத நுண்மையில், நார்கள்தோறும் போர்த்திவிடுகிறது. அந்நார்களின் கரடுமுரடான இடுக்குகளில் காற்றும் தங்கிவிடுமாயின், துளி தாமரையிலைத் தண்ணீர்போல உருண்டு திரண்டு நிற்கும். துளியின் ஓரம் காகிதத்தோடு அமைக்கும் கோணம் 150 பாகையைத் தாண்டினால், அத்தகைய பரப்பை அதிநீர்விலக்குப் பரப்பு என்பர்.

வெளியேறும் அமிலத்தை அமோனியா ஆவியினால் நடுநிலையாக்காவிடில் நார்கள் நைந்து காகிதமே பலவீனமாகிவிடும்; ஆவிகளும் சுவாசத்திற்குத் தீங்கானவை. ஆதலின் இப்பரிசோதனையைத் தக்க சாதனங்கள் அமைந்த ரசாயனசாலையிலன்றி வீட்டில் செய்து பார்த்தல் ஆகாது.