கஞ்சிக்கோடு: யாருக்கு எங்கே சாப்பாடு?

தொழிலாளியின் தட்டில் என்ன விழும் என்பதைச் சமையல்காரர் மட்டும் தீர்மானிப்பதில்லை. சட்டம், சாலை, மின்கட்டணம் எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு.

மும்பையின் கோட்டைப் பகுதி என்றால் இரானி ஹோட்டல்கள். சென்னையின் பாரிமுனை என்றால் மெஸ்கள். பிழைப்புக்காக மக்கள் கூடும் இடத்தில் அடுப்புகளும் கூடிவிடும். பாலக்காடு-கோவை தேசிய நெடுஞ்சாலையில், வாளையாறு எல்லைக்குச் சற்று மேற்கே உள்ள கஞ்சிக்கோடும் இதற்கு விலக்கல்ல. கேரளத்தின் பெரிய தொழில் பகுதிகளில் ஒன்று இது. பொதுத்துறை நிறுவனங்கள், இரும்பு ஆலைகள், சிறு பட்டறைகள் எல்லாம் இங்கே அக்கம்பக்கமாக இருக்கின்றன. ஊரின் பெயரிலேயே கஞ்சி இருக்கிறது. ஆனால் அது யாருக்கு, என்ன விலைக்குக் கிடைக்கும் என்பது ஒருவர் எந்த ஆலையின் வாசலுக்குள் நுழைகிறார் என்பதைப் பொறுத்தது.

கேன்டீன் கணக்கு

1970களில் இன்ஸ்ட்ருமென்டேஷன், ஐ.டி.ஐ. ஆகிய பொதுத்துறை நிறுவனங்கள் இங்கே வந்தன. பெரிய ஆலை என்றால் கேன்டீன் உண்டு. அது நிர்வாகத்தின் தயவு அல்ல, 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 46ஆவது பிரிவு தந்த ஏற்பாடு. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் நடத்த வேண்டும் என்று மாநில அரசு விதி செய்யலாம் என்றது அந்தப் பிரிவு. கேன்டீனை நடத்தும் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் இடம் தந்தது.

ஆனால் 50 பேர், 80 பேர் வேலை செய்யும் ஆலைக்கு இந்தப் பிரிவு பொருந்தவில்லை. அங்குள்ளவர்களுக்கு வாசலுக்கு எதிரே இருக்கும் டீக்கடைதான் கேன்டீன். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு இந்த வரம்பை 100 ஆகக் குறைத்திருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர்களையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது. காகிதத்தில் இது பெரிய முன்னேற்றம். நூறுக்குக் கீழே தலைகளை எண்ணிக் காட்டும் ஆலைகளுக்கு எதிரே டீக்கடை தொடரும்.

இரவில் எரியும் உலை

கேரளத்தில் தொழிற்சாலைகளுக்கு இரவு 10 மணிக்கு மேல் மின்கட்டணம் குறைவு. மின்சாரத்தை விழுங்கும் இரும்பு உலைகளுக்கு இரவு வேலைதான் கட்டுபடியாகும். உலை முன்னால் வியர்த்து நிற்பவருக்குப் பசிக்கும் நேரம் நள்ளிரவு, அல்லது விடியற்காலை. சாயாவும் பரோட்டாவும் அந்த நேரத்தில் கிடைப்பது ருசி பற்றிய விஷயமே அல்ல, உழைப்பவரின் உடம்பு பற்றிய விஷயம்.

நெடுஞ்சாலைக் கடைகளுக்கு இன்னொரு வாடிக்கையாளர் கூட்டமும் இருந்தது. வாளையாறு வணிகவரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் மணிக்கணக்கில் காத்து நின்ற காலம் அது. டிரைவருக்கும் கிளீனருக்கும் அது வீணான பொழுது, கடைக்காரருக்கு வியாபாரம். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரிச் சாவடிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. டெல்லியில் போட்ட ஒரு கையெழுத்து எல்லையோர அடுப்பையும் தொடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

துணியில் வெந்த இட்லி

ஆலைகளுக்கு முன்பும் இந்த வட்டாரத்தில் உழைப்பவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கான சாப்பாடும் இருந்தது. பக்கத்து ராமசேரியின் இட்லி இன்று ஊரறிந்தது. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்களாகச் சொல்லப்படும் முதலியார் குடும்பங்களின் கைப்பக்குவம் அது. மண்பானையின் வாயில் நூல்வலை பின்னிய வளையம், அதன்மேல் துணி, துணியில் மாவு, கீழே விறகடுப்பு. வெந்து வருவது தோசைபோலத் தட்டையான, பஞ்சு போன்ற இட்லி. தொட்டுக்கொள்ள, தேங்காய் எண்ணெயில் குழைத்த பொடி. சீக்கிரம் கெடாது. வயலுக்கும் வழிப்பயணத்துக்கும் கட்டிக்கொண்டு போக ஏற்ற உணவு. முன்பு பல குடும்பங்கள் செய்த இந்தத் தொழிலை இப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்களே செய்கின்றன. கூடையில் தேடி வந்த இட்லியை இன்று காரில் தேடிப் போகிறார்கள்.

32 சமையலறைகள்

இன்று கஞ்சிக்கோட்டு ஆலைகளில் உழைப்பவர்களில் பலர் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். மட்ட அரிசிச் சோறும் தேங்காய் எண்ணெய்க் கூட்டும் அவர்களுக்குப் பழகாதவை. கடையில் மூன்று வேளையும் சாப்பிட்டால் ஊருக்கு அனுப்பப் பணம் மிஞ்சாது. ஆகவே ரொட்டியையும் பருப்பையும் தாங்களே சமைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

கேரள அரசு இதைப் புரிந்துகொண்டது. 2019இல் கஞ்சிக்கோட்டில் திறக்கப்பட்ட 'அப்னா கர்' விடுதியில் 64 அறைகளுடன் 32 சமையலறைகளும் கட்டப்பட்டன. சுமார் 620 பேர் தங்கலாம். படுக்க இடம் கொடுத்தால் போதாது, அடுப்பும் வேண்டும் என்று திட்டம் போட்டவர்கள் யோசித்திருக்கிறார்கள். தேவையோடு ஒப்பிட்டால் 620 சிறிய எண்ணிக்கைதான்.

குடிக்கத் தண்ணீர்

சாப்பாட்டுக்கு அடுத்தது குடிநீர். கஞ்சிக்கோட்டிலிருந்த பெப்சி ஆலையின் நிலத்தடி நீர்ப் பயன்பாட்டை எதிர்த்து உள்ளாட்சி மன்றம் நீண்ட காலம் போராடியது. ஆலை 2020இல் மூடப்பட்டது. இதே மாவட்டத்தின் பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலை 2004இலேயே உற்பத்தியை நிறுத்தியிருந்தது. ஆலை மூடினால் வேலை போகிறது. ஓடினால் கிணறு வற்றும் என்ற அச்சம். எலப்புள்ளியில் ஒரு தனியார் மது ஆலைக்கு 2025 ஜனவரியில் மாநில அமைச்சரவை ஆரம்ப அனுமதி தந்தபோது இதே கேள்வி மறுபடியும் எழுந்தது.

20 ரூபாய் சோறு

மலிவான சாப்பாட்டுக்கு வழி இல்லாமல் இல்லை. தமிழகத்தில் 2013இல் தொடங்கிய அம்மா உணவகம் ஒரு ரூபாய்க்கு இட்லி போட்டது. கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் 2020 முதல் நடத்திய ஜனகீய ஹோட்டல்கள் 20 ரூபாய்க்குச் சாப்பாடு தந்தன. 2023 ஆகஸ்டில் அரசு மானியத்தை நிறுத்தியதும் விலை 30 ரூபாயாயிற்று. மானியம் இருந்தவரை நஷ்டத்தில் ஒரு பகுதியை அரசு தாங்கியது. பிறகு அந்தச் சுமை சமைப்பவர்களுக்கும் சாப்பிடுபவர்களுக்கும் வந்து சேர்ந்தது.

தொழிற்பேட்டைக்கு வரைபடம் போடும்போது மின்சாரத்துக்கும் சாலைக்கும் கழிவுநீருக்கும் இடம் ஒதுக்குகிறார்கள். பல சிறு ஆலைகள் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு பொதுச் சமையலறைக்கும் அதில் கொஞ்சம் இடம் ஒதுக்கலாம். அதன் அடுப்பு இரவிலும் எரிய வேண்டும். சோறும் வேண்டும், ரொட்டியும் வேண்டும். உலையை அணையாமல் பார்த்துக்கொள்பவரின் வயிறும் அந்த உற்பத்திக் கணக்கில் சேர்ந்ததுதான்.