மணல் கற்பிக்கும் பாடம்: பாலைவன லாரிப் போட்டியின் விஞ்ஞானம்

பெங்களூரைத் தலைமையகமாகக் கொண்டு 1964-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்தை நம்மிற் பலர் அறிவோம். 1986-ஆம் ஆண்டில் இந்நிறுவனம் செக்கோஸ்லோவாகியா நாட்டின் டாட்ரா லாரிகளை நம் நாட்டில் உற்பத்தி செய்ய உடன்படிக்கை செய்துகொண்டது. பினாகா, பிரமோஸ் முதலிய படைக்கலங்களைச் சுமந்து செல்பவை டாட்ரா லாரிகளே. இவற்றின் இனத்தைச் சேர்ந்த டாட்ரா 815 லாரி, உலகிலேயே மிகக் கடினமானதெனக் கருதப்படும் பாலைவனப் போட்டியில் 1988-ஆம் ஆண்டில் முதலிடம் பெற்றது என்பதை அறிந்தோர் சிலரே. பல டன் எடையுள்ள ஒரு வண்டி, மனிதன் நடந்தாலே கால் புதையும் மணலில் எவ்வாறு விரைந்து செல்கிறது? இக்கேள்விக்கு விடை காண முயல்வோம்.

போட்டியின் வரலாறு

தியரி சபீன் என்னும் பிரெஞ்சுக்காரர் 1977-ஆம் ஆண்டில் மோட்டார் சைக்கிளில் சென்றபோது லிபியப் பாலைவனத்தில் வழி தவறி, அரிதின் உயிர் தப்பினார். அவர் தொடங்கிய டக்கார் போட்டி 1978 டிசம்பர் 26-இல் பாரிஸ் நகரிலிருந்து முதன்முறையாகப் புறப்பட்டது. ஆப்பிரிக்காவில் நடைபெற்று வந்த இப்போட்டி 2009-இல் தென் அமெரிக்காவுக்கும், 2020-இல் சவூதி அரேபியாவுக்கும் மாற்றப்பட்டது. மோட்டார் சைக்கிள், கார், லாரி ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பரிசுகள் உண்டு. லாரியில் ஓட்டுநர், வழிகாட்டி, பொறிவல்லுநர் என மூவர் அமர்ந்து, ஏறத்தாழ இரு வாரங்கள் பல ஆயிரம் கிலோமீட்டர் தொலைவைக் கடக்கவேண்டும்.

மணலும் டயரும்

மணல் திடப்பொருள் போலத் தோன்றினும் அதன் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. ஆகவே, ஓரளவுக்கு மேற்பட்ட அழுத்தத்தை அது தாங்காது. துகள்கள் பக்கங்களில் நழுவிவிட, சக்கரம் புதையும். எனவே இங்கே நாம் நோக்கவேண்டியது வண்டியின் எடையை மட்டுமன்று; அவ்வெடை எவ்வளவு பரப்பின்மீது விழுகிறது என்பதையே முக்கியமாக நோக்கவேண்டும்.

ஒரு கணக்கினால் இதனை விளக்கலாம். 8,500 கிலோகிராம் எடையுள்ள லாரியின் நான்கு சக்கரங்களும் எடையைச் சமமாகப் பகிர்ந்துகொண்டால், ஒவ்வொன்றும் 2,125 கிலோகிராம் தாங்கும். டயரிலுள்ள காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோகிராம் எனில், டயர் தரையைத் தொடும் பரப்பு தோராயமாக 425 சதுர சென்டிமீட்டர் ஆகும். காற்றை வெளியேற்றி அழுத்தத்தை 1.25 கிலோகிராமாகக் குறைத்தால், அப்பரப்பு ஏறத்தாழ 1,700 சதுர சென்டிமீட்டராக, அதாவது நான்கு மடங்காக, விரியும். ஒட்டகத்தின் அகன்ற பாதத்திற்கு இயற்கை அளித்த அமைப்பும் இதுவே. 1920-களின் இறுதியில் எகிப்திய, லிபியப் பாலைவனங்களில் மோட்டார் கார்களைச் செலுத்திய பாக்னால்ட் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர், டயரின் காற்றைக் குறைத்தே மணற்குன்றுகளைக் கடந்தார். பின்னர் 1941-இல் அவர் வெளியிட்ட மணலின் இயற்பியல் பற்றிய நூல் இன்றும் ஆராய்ச்சியாளர்களுக்குப் பயன்படுகிறது.

ஆயினும் காற்றுக் குறைந்த டயர் கற்பாங்கான தரையில் விரைவில் சூடேறிக் கிழியும்; விளிம்பிலிருந்து கழன்றும் விடலாம். ஆதலால் ஓடும்போதே காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல சாதனம் இவ்வகை லாரிகளில் பொருத்தப்படுகிறது.

குன்றின் உச்சி

காற்று வீசும் திசையை நோக்கிய மணற்குன்றின் சரிவு இறுகியிருக்கும். மறுபுறமோ சுமார் 33 பாகைச் சாய்வில், தொட்டாற் சரியும் நிலையில் இருக்கும். ஏறும்போது வேகம் குறைந்தால் லாரி நின்றுவிடும். வேகம் மிகுந்தால் உச்சியைத் தாண்டி ஆகாயத்தில் எழும்பி வீழும். மறுபுறம் என்ன உள்ளது என்பதோ உச்சியை அடையும்வரை தெரியாது. அந்த ஒரு நொடியின் நிதானமே ஓட்டுநரின் திறமை எனலாம்.

இத்தகைய அதிர்ச்சிகளைத் தாங்க டாட்ராவின் அமைப்பு பெரிதும் உதவுகிறது. இரு நீண்ட சட்டங்களுக்குப் பதிலாக ஒரு தடித்த குழாய் அதன் முதுகெலும்பாக அமைந்துள்ளது. அதன் இருபுறமும் அச்சுகள் தனித்தனியே மேலும் கீழும் அசைவதால், ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினும் மற்றவை தரையை விட்டு நீங்குவதில்லை. எஞ்சின் நீரின்றிக் காற்றினாலேயே குளிர்விக்கப்படுகிறது.

ஆற்றலின் எல்லை

1988-ஆம் ஆண்டுப் போட்டி ஒரு துயர நிகழ்ச்சியையும் கண்டது. டாஃப் என்னும் நெதர்லாந்து நிறுவனம் இரு எஞ்சின்கள் பொருத்திய, ஆயிரத்திற்கும் மேற்பட்ட குதிரைத்திறன் கொண்ட லாரிகளைக் களத்தில் இறக்கியது. அவை கார்களையே முந்திச் சென்றன. அவற்றுள் ஒன்று மிகுந்த வேகத்தில் உருண்டதால், அதிலிருந்தோரில் ஒருவர் உயிரிழந்தார். அந்நிறுவனம் போட்டியிலிருந்து விலகியது; கரேல் லோபிரைஸ் ஓட்டிய டாட்ரா வென்றது. அடுத்த ஆண்டு லாரிகளுக்குப் போட்டியே நடத்தப்படவில்லை. பிற்காலத்தில் லாரிகளின் வேகத்திற்கு மணிக்கு 140 கிலோமீட்டர் என்னும் வரம்பு விதிக்கப்பட்டது. இவ்வித வரம்புகளுக்கு உட்பட்டும், ருஷ்ய நாட்டுக் காமாஸ் லாரிகள் 1996 முதல் 2022 வரை 19 முறை வெற்றி பெற்றன.

பெங்களூர் வீரர்

இதே போட்டியில் மோட்டார் சைக்கிள் பிரிவில் பங்கேற்று, 2015-ஆம் ஆண்டில் 36-ஆம் இடம் பெற்றவர் பெங்களூரைச் சேர்ந்த சி. எஸ். சந்தோஷ். இதனை முடித்த முதல் இந்தியர் இவரே. மோட்டார் சைக்கிள்கள் முதலில் புறப்படும். பின்னால் பெரும் புழுதியை எழுப்பிக்கொண்டு கார்களும் லாரிகளும் வரும். புழுதியில் ஒருவரை ஒருவர் காணார். ஆதலால், பின்வருபவர் பொத்தானை அழுத்தினால் முன்செல்பவருக்கு எச்சரிக்கை ஒலி எழுப்பும் கருவி ஒவ்வொரு வண்டியிலும் இருத்தல் வேண்டும் என்பது விதி. இருப்பினும் அபாயம் முற்றும் நீங்குவதில்லை. 2021 ஜனவரி 6-ஆம் நாள் ரியாத்தை நோக்கிச் செல்கையில் சந்தோஷ் வீழ்ந்து தலையில் காயமுற்றார். மருத்துவர்கள் அவரைச் செயற்கை உறக்கநிலையில் வைத்துக் காத்தனர். பின்னர் அவர் நலமடைந்து தாயகம் திரும்பினார்.

ஆற்றல் மிகுந்தால் பாலைவனத்தை வென்றுவிடலாம் என்று எண்ணுவது இயல்பு. மணல் கற்பிப்பதோ வேறு. பாரத்தைப் பரப்பி மெல்ல மிதிப்பவனையே அது தாங்குகிறது. நமது எல்லைப்புற மணல்வெளியில் படைக்கலம் சுமந்து செல்லும் லாரியின் ஓட்டுநர் புறப்படுமுன் டயரின் காற்றழுத்தத்தைக் கவனிக்கிறார் அல்லவா? பரிசும் பாராட்டும் இல்லாத அச்செயலில் அடங்கியிருப்பதும் இந்த விஞ்ஞானமே.