படகு வீடும் பள்ளிக்கூடமும்

படகு என்றதும் நம் கண்முன் நிற்பவை மீனவர் படகும், அக்கரைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் சம்பானுமே ஆகும். படகில் ஏறினால், சேரும் இடம் வந்ததும் இறங்கிவிடுகிறோம். ஆனால் படகிலேயே அடுப்பு மூட்டிச் சமைத்து, படகிலேயே துயின்று, வாரக்கணக்கில் ஊர் ஊராக மிதந்து சென்று, விரும்பிய இடத்தில் கரையேறி வேடிக்கை பார்த்து வருவதும் உலகில் உண்டு. இங்கிலாந்து நாட்டின் உள்நாட்டுக் கால்வாய்களில் இவ்வழக்கம் மிகுதி. இன்று அது விடுமுறைக்கால உல்லாசம். முற்காலத்திலோ அதே வகைப் படகுகளில் ஏழைத் தொழிலாளர் குடும்பங்கள் பிறந்து, உழைத்து, முதுமை எய்தின. தோட்டப்புறத்தில் வாழும் நாம் இவ்விரண்டையும் சேர்த்தே அறிதல் வேண்டும்.

முதலில் கால்வாய் வந்த வகையைக் காண்போம். நிலக்கரி கனமான பொருள். சேறு நிறைந்த சாலையில் அதனைக் குதிரையின் முதுகில் ஏற்றிச் சென்றால் கூலியே விலையை விழுங்கிவிடும். வோர்ஸ்லி என்னும் ஊரில் நிலக்கரிச் சுரங்கங்களை உடைய பிரிட்ஜ்வாட்டர் கோமகன், அங்கிருந்து மான்செஸ்டர் நகரை நோக்கிக் கால்வாய் ஒன்றை வெட்டுவித்தார். 1761ஆம் ஆண்டில் அதில் படகு ஓடத் தொடங்கியது. நகரில் நிலக்கரியின் விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. சாலையில் சில மூட்டைகளைச் சுமக்கும் ஒரு குதிரை, கரையோரம் நடந்து கயிற்றால் இழுக்கும்போது, 25 டன் சரக்கேற்றிய படகை இழுத்துவிடும்.

இக்கால்வாயில் பணியாற்றிய பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்பவர். அவருக்கு எழுத்துப் பயிற்சி மிகக் குறைவு. சிக்கலான கணக்கு வந்தால் படுக்கையில் போய்ப் படுத்துக்கொண்டு மனத்திலேயே போட்டு முடிப்பாராம். இதைப் படித்துவிட்டு நம் மாணவர்கள் பாடநூலை மூடிவைத்துப் படுத்துவிட வேண்டா. பிரிண்ட்லிகள் நூறாண்டுக்கு ஒருவரே பிறப்பர்! பின்னர் அவர் அமைத்த கால்வாய்களில் நீரையும் செலவையும் சிக்கனப்படுத்தும் பொருட்டு, படகு ஏறி இறங்கும் தொட்டிகளை ஏறத்தாழ 7 அடி அகலமே உடையனவாகக் கட்டினார். அதனால் படகுகளும் 7 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும், 70 அடி வரை நீளமும் உடையனவாயின. நம் பள்ளியின் இரண்டு வகுப்பறைகளை நீளவாக்கில் சேர்த்து, அகலத்தை ஒரு மேசையும் ஒரு நாற்காலியும் போடும் அளவுக்குக் குறைத்தால் எப்படியிருக்குமோ, அதுவே அப்படகு.

தொட்டி என்றோமல்லவா? அதனை நீர்ப்பூட்டு எனலாம். மேட்டு நிலத்தில் நீரை ஏற்றிப் படகையும் ஏற்றுவது எவ்வாறு என்று மாணவர்கள் கேட்கக்கூடும். இரு புறமும் செங்கற்சுவர், முன்னும் பின்னும் கனத்த மரக்கதவுகள். இவற்றுக்கு நடுவே ஒரு படகு நிற்கும் இடம். கீழே இருந்து வரும் படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவை அடைத்துவிடுவர். பிறகு மேற்கதவின் அருகிலுள்ள சிறிய மதகுப் பலகையை இரும்புக் கைப்பிடி கொண்டு சுழற்றி உயர்த்துவர். மேல்மட்டத்து நீர் தொட்டிக்குள் பாயும். நீர் உயர உயரப் படகும் உயரும். உள்நீரும் மேல்நீரும் ஒரே மட்டத்திற்கு வந்தபின் மேற்கதவு எளிதில் திறக்கும். அதற்குமுன் பத்து ஆட்கள் தள்ளினாலும் அசையாது. இரட்டைக் கதவுகள் நேர்க்கோடாக மூடாமல், மேல்நீரை நோக்கிக் கூர்முனை காட்டி மூடும். நீர் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு இறுக்கமாக அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். பகையாய் வரும் நீரின் பலத்தையே காவலாக ஆக்கிய இவ்வமைப்பு, இத்தாலி நாட்டு லியோனார்டோ டாவின்சியின் காலத்திலேயே வழக்கில் இருந்தது.

ஒரு படகு ஒரு முறை ஏறி இறங்கும்போது ஏறத்தாழ 25,000 காலன் நீர் மேலிருந்து கீழே போய்விடுகிறது. அதனால் மலைமுகட்டில் நீர்த்தேக்கங்கள் கட்டி வைத்துள்ளனர். கோடையில் மழை பொய்த்தால் சில கால்வாய்களில் பயணமே நின்றுவிடுவதும் உண்டு.

இன்றைய பயணிகள் இப்படகுகளை வாடகைக்கு எடுக்கின்றனர். வாடகைக்கு விடுவோர் ஒரு மணி நேரம் கற்றுத்தந்தால் போதும். உரிமம் ஏதும் வேண்டுவதில்லை. சுக்கான் கோலை இடப்புறம் தள்ளினால் படகின் முகம் வலப்புறம் திரும்பும். இது பழகும்வரை எல்லாரும் கரையில் மோதத்தான் செய்வர். சாலையில் அங்கும் நம் நாட்டைப் போல் இடப்புறம் செல்வர். கால்வாயிலோ எதிர்ப்படகு வந்தால் வலப்புறம் ஒதுங்க வேண்டும். மணிக்கு 4 மைலுக்குமேல் செல்லலாகாது. விரைந்தால் அலை எழும்பிக் கரையை அரித்துவிடும். கட்டி நிற்கும் படகில் ஒருவர் காய்ச்சும் தேநீரும் கொட்டிவிடும். வழியிலுள்ள குழாய்களில் நீர் நிரப்பிக்கொள்வதும், கழிவுத் தொட்டியை அதற்குரிய இடத்தில் காலி செய்வதும் பயணிகளின் பொறுப்பே. மாலையில் கரையில் இரும்பு முளையடித்துக் கயிறு கட்டினால் அன்றைய வீடு அவ்விடமே.

இவ்வாறு செல்வோர் கண்டு மகிழும் இடங்கள் பல. ஸ்டிராட்போர்டில் கால்வாய், நாடகப் பெரும்புலவர் சேக்சுபியர் பிறந்த ஊரின் நடுவிலேயே வந்து முடிகிறது. நாடக அரங்கின் எதிரே படகைக் கட்டலாம். அக்கால்வாய் தூர்ந்து கிடந்தது. கூலி பெறாத தொண்டர்களும் சிறைக்கைதிகளும் சேறு வாரிச் செப்பனிட, 1964ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது.

வேல்ஸ் நாட்டில் பொன்ட்கஸுல்த்தே என்னும் இடத்தில் படகு வானத்தில் செல்கிறது என்றால் நம்புவீர்களா? டீ என்னும் ஆற்றின் பள்ளத்தாக்கைக் கடக்க, 18 கல்தூண்களின்மேல் இரும்புத் தொட்டி ஒன்றைக் கால்வாயாக நீட்டியுள்ளனர். நீளம் 307 மீட்டர். உயரம் 38 மீட்டர். தாமஸ் டெல்போர்டும் வில்லியம் ஜெசப்பும் பொறுப்பேற்ற இப்பணி 1795இல் தொடங்கி 1805இல் நிறைவுற்றது. ஒரு புறம் நடைபாதையும் கைப்பிடியும் உண்டு. மறுபுறம் தொட்டியின் விளிம்பைத் தவிர வேறொன்றும் இல்லை. படகிலிருந்து எட்டிப் பார்த்தால் நேர் கீழே ஆறு! 2009இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

ஆயினும் நம் மனத்தைப் பெரிதும் தொடும் இடம் ஸ்டோக் புரூயர்ன் என்னும் சிற்றூரே. அங்கே 1963இல் கால்வாய் அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. சரக்குப் படகின் பின்கோடியில் இருந்த குடியிருப்பு அறை எத்தகையது என்பதை அத்தகைய காட்சியகங்களில் காணலாம். நீளம் ஏறத்தாழ 10 அடி. அகலம் 7 அடிகூட இல்லை. நுழைந்ததும் ஓர் அடுப்பு. நிலக்கரிப் பெட்டியே இறங்கும் படி. பலகாரத் தட்டு வைக்கும் அலமாரிக் கதவு மடிந்து இறங்கினால் சாப்பாட்டு மேசை. இரவில் குறுக்கே ஒரு பலகையை இறக்கினால் தாய் தந்தையர் படுக்கை. பிள்ளைகள் பக்கப் பலகையிலும் தரையிலும் படுப்பர். நம் பழைய லயத்து வீட்டிலேனும் வாசல் என்று ஒன்று இருந்தது. எஞ்சிய அறுபது அடியும் சரக்குக்கே உரியது. இத்தனை ஒடுக்கத்திலும் பித்தளைக் குமிழ்களைத் துலக்கி, ரோசாப்பூவும் கோட்டையும் வண்ணத்தில் தீட்டிய தண்ணீர்க் குடத்தை அழகுற வைத்திருந்தனர் அப்பெண்டிர்.

தொடக்கத்தில் படகோட்டிகள் பலருக்குக் கரையில் வீடு இருந்தது. இரயில் வந்து கூலியைக் குறைத்தபின், வீட்டு வாடகை கொடுக்கவும், உதவியாளுக்குக் கூலி கொடுக்கவும் இயலாமல், மனைவி மக்களையே படகில் ஏற்றிக்கொண்டனர். மனைவி சுக்கான் பிடித்தாள். குதிரையை நடத்திச் சென்றது பெரும்பாலும் பிள்ளையே. ஆண்டு முழுதும் நடக்கும் பிள்ளை எந்தப் பள்ளியில் சேரும்?

ஜார்ஜ் ஸ்மித் என்பவர் சிறுவயதிலேயே செங்கல் சூளையில் களிமண் சுமந்தவர். பின்னாளில் நிருவாகியாக உயர்ந்தவர். சூளைப் பிள்ளைகளுக்காக வாதாடியதால் தம் வேலையையே இழந்தார். அதன் பின்னும் ஓயாமல் படகுப் பிள்ளைகளின் நிலையை எழுதி 1875இல் நூலாக வெளியிட்டார். அவர் முயற்சியால் 1877இலும் 1884இலும் கால்வாய்ப் படகுச் சட்டங்கள் பிறந்தன. ஒவ்வொரு படகையும் ஓர் ஊரில் பதிவு செய்யவேண்டும். பெரியவர் ஒருவருக்கு 60 கன அடியும், சிறுவர்க்கு 40 கன அடியும் இடம் வேண்டும். பதிவான ஊரே பிள்ளையின் ஊர். அவ்வூர்ப் பள்ளியே அவன் பள்ளி என விதித்தனர். காகிதத்தில் இது சரியே. ஆனால் படகோ பதிவான ஊரில் நிற்பதில்லை. சரக்கு இறக்கும் ஊரில் ஒரு பகல், அடுத்த வாரம் வேறோர் ஊரில் அரைப் பகல் எனப் பள்ளிக்கு வந்து போகும் பிள்ளைக்கு எந்த ஆசிரியர்தாம் என்ன கற்பிக்க இயலும்? ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு இது நன்கு விளங்கும். முதற்பாடத்தையே அப்பிள்ளை பத்துப் பள்ளிகளில் பத்து முறை படித்திருக்கும். இரண்டாம் பாடத்தைக் கண்டிராது.

1921இல் அரசு அமைத்த குழு ஒன்று, பள்ளி நடக்கும் காலத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் படகில் வாழ்வதைத் தடை செய்யுமாறு பரிந்துரைத்தது. அது சட்டமாகவில்லை. பிள்ளையை எங்கே விடுவது, யார் பார்த்துக்கொள்வது என்று பெற்றோர் கேட்டதில் நியாயம் இல்லாமற் போகவில்லை. பிள்ளையைப் பிரிப்பதைவிடப் பள்ளியை அவனிடம் கொண்டு செல்வதே மேல் என்பது நம் துணிபு. சிலர் அதைச் செய்தும் காட்டினர். பிரெண்ட்போர்டில் 1904இல் எழுந்த படகோட்டிகள் மன்றத்தில் வகுப்பறையும் இருந்தது. 1930களில் வெஸ்ட் டிரேட்டன் என்னும் ஊரில் ஒரு படகையே பள்ளியாக்கிக் கரையோரம் நிறுத்தினர். ஸ்டோக் புரூயர்னில் மேரி வார்டு என்னும் அம்மையார், தம் வீட்டிலேயே படகுக் குடும்பங்களுக்கு மருத்துவப் பணி செய்தார். 1951இல் அரசு அவருக்குப் பதக்கம் அளித்துச் சிறப்பித்தது.

நம் நாட்டிலும் இவ்வழியே நடந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி வைக்கவேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. கொட்டகையோ, ஒற்றை ஆசிரியரோ, வேலை இருக்கும் இடத்திற்குப் பள்ளி வந்தது. படகுப் பிள்ளைக்கு வாய்க்காத ஒன்று நம் பாட்டன் பாட்டியர்க்கு வாய்த்தது அதனாலேயே.

கால்வாய்கள் 1948இல் அரசுடைமையாயின. 1962ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய கடுங்குளிரில் நீர் உறைந்து படகுகள் வாரக்கணக்கில் சிக்கிக்கொண்டன. சரக்குகள் சாலைக்குப் போய்விட்டன. மறு ஆண்டே அரசு தன் சரக்குப் படகுகளில் பெரும்பாலானவற்றை நிறுத்திவிட்டது. பழச்சாந்து ஆலை ஒன்றுக்கு நிலக்கரி கொண்டு சென்ற நெடுவழிப் பணியும் 1970இல் நின்றது. குடும்பங்கள் கரையேறின. அவற்றின் பழைய படகுகள் சில உல்லாசப் படகுகளாயின. அவற்றின் சாயலில் புதியனவும் கட்டப்பட்டன.

கதை அத்துடன் முடியவில்லை. கால்வாய்களையும் ஆறுகளையும் 2012 முதல் ஓர் அறநிறுவனம் பேணி வருகிறது; அதன் பொறுப்பில் ஏறத்தாழ 2,000 மைல் நீர்வழி உள்ளது. இலண்டன் போன்ற நகரங்களில் வீட்டு வாடகை எட்டாத உயரத்திற்குப் போய்விட்டதால், படகையே வீடாகக் கொண்டோர் தொகை பெருகியுள்ளது. நிலையான படகுத்துறை இல்லாதவர் ஒரே இடத்தில் 14 நாட்களுக்குமேல் தொடர்ந்து நிற்கலாகாது என்பது 1995ஆம் ஆண்டுச் சட்டம். அவர்களுள் பிள்ளை பெற்றோரும் உளர். விதிப்படி நகரவும் வேண்டும். பிள்ளை நாள்தோறும் ஒரே பள்ளிக்குப் போகவும் வேண்டும். அடுத்த முளையை எங்கே அடித்தால் காலை மணி அடிக்குமுன் பிள்ளை பள்ளி வாயிலை எட்டும் என்று இன்றும் அவர்கள் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.