'கேன்சல்': கோடு போட்டுப் பிறந்த சொல்

ஆர்டர் கேன்சல், லாரி புக்கிங் கேன்சல், பில் கேன்சல் என்று நாள் முழுதும் நம் கடைகளில் புழங்கும் சொல் இது. தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது என்றாலும் மிகையில்லை. இதன் பிறப்பைத் தெரிந்துகொண்டால் நம் கல்லாவுக்கு உதவும் பாடம் ஒன்றும் கிடைக்கிறது.

லத்தீன் மொழியில் 'கான்செல்லி' என்றால் குறுக்குச் சட்டங்கள் அடித்த கிராதி. நம் தென்மாவட்ட வீடுகளில் 'அழி' என்போமே, அதுதான். ஒரு பத்திரம் செல்லாது என்றானதும் அதன் எழுத்துகள் மீது குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிழிப்பார்கள். பார்ப்பதற்கு அழி போலவே இருக்கும். அதனால் அந்தச் செயலுக்கு 'கான்செல்லாரே' என்று பெயர் வந்தது. அச்சொல் பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து 'கேன்சல்' ஆயிற்று. நீதிமன்றக் கிராதியருகே நின்ற ஊழியருக்குக் 'கான்செல்லாரியஸ்' என்று பெயர். அதுவே வளர்ந்து 'சான்சலர்' என்ற பெரும் பதவிப் பெயராயிற்று! நாம் சொல்லும் 'ரத்து' என்பதோ அரபியிலிருந்து வந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. கிராதிக்குப் பின்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியும். அதுபோலக் கேன்சல் செய்த எழுத்தும் கோட்டுக்கடியில் தெரிய வேண்டும். கிழித்து எறிவதும், வெள்ளை மை பூசி மறைப்பதும் கேன்சல் ஆகாது. பேரேட்டில் தவறிய பதிவை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இடும் வழக்கத்தின் பொருளும் இதுவே.

இனி நம் அன்றாட வேலைக்கு வருவோம்.

பில்: கேன்சலான பில்லைக் கிழிக்காதீர்கள். ஜி.எஸ்.டி. விதிப்படி பில் எண்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தின் 13ஆம் அட்டவணையில் கேன்சலான பில்களின் எண்ணிக்கைக்குத் தனிக் கட்டமே உண்டு. குறுக்கே கோடிட்டு, எல்லாப் பிரதிகளையும் புத்தகத்திலேயே வையுங்கள்.

காசோலை: இரு இணைகோடுகள் போட்டால் காசோலை கேன்சல் ஆகிவிடாது. அது 1881ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் 'கிராஸிங்'. பணத்தை ரொக்கமாகக் கவுண்டரில் தராமல் வங்கி வழியாகவே கொடுக்கச் செய்வது அது. கணக்கு விவரத்துக்காகக் கேன்சல் காசோலை கேட்டால், கோடுகளுக்கிடையே 'கேன்சல்டு' என்று பெரிதாக எழுதிக் கொடுங்கள். கையெழுத்துப் போட வேண்டாம்.

ரெவின்யூ ஸ்டாம்ப்: பணத்துக்கே மோசம் வருவது இதில்தான். தெரிந்தவர்தானே என்று புரோநோட்டில் ஸ்டாம்ப் ஒட்டி, கையெழுத்தை அதன்மேல் படாமல் ஓரமாக வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுகிறோம். 1899ஆம் ஆண்டு இந்திய முத்திரைச் சட்டத்தின் 12ஆம் பிரிவைப் பாருங்கள். ஒட்டிய ஸ்டாம்பை மறுபடி பயன்படுத்த முடியாதபடி, எழுதிக் கொடுப்பவர் அப்போதே கேன்சல் செய்ய வேண்டும். செய்யாவிட்டால், ஸ்டாம்ப் எந்த அளவுக்கு ஒட்டப்பட்டதோ அந்த அளவுக்கு ஒட்டாததாகவே அது கருதப்படும். ஸ்டாம்ப் மீது குறுக்கே பெயரோ இனிஷியலோ தேதியுடன் எழுதுவது சட்டமே காட்டும் வழி.

வேறு பத்திரங்களில் ஸ்டாம்ப் குறைந்தால் அபராதம் கட்டிச் சரிசெய்ய இடமுண்டு. புரோநோட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. 35ஆம் பிரிவின்படி அதைச் சாட்சியமாக ஏற்கத் தடை உண்டு. கடன் உண்மை, கையெழுத்தும் உண்மை. ஆயினும் ஒரு கோடு விடுபட்டதால் கோர்ட்டில் நம் கை தாழ்ந்துவிடும். ரூ.5,000க்கு மேற்பட்ட தொகைக்கு ஒரு ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டித் தரும் ரசீதிலும் இதே கவனம் வேண்டும்.

ஆகவே வணிகப் பெருமக்களே, இன்றே பெட்டியைத் திறந்து கையிலுள்ள நோட்டுகளை ஒருமுறை பாருங்கள். ஸ்டாம்ப் கேன்சல் ஆகாத நோட்டு இருந்தால், உங்கள் வக்கீலிடம் காட்டி யோசனை கேளுங்கள். இனி வாங்கும் நோட்டில், பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன்பே ஸ்டாம்பின் குறுக்கே எழுத்து விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.