கிலோமீட்டர் கணக்கில் அடங்காத பயிற்சி

செவிலியர் பள்ளி எதுவும் வகுப்பறையை மட்டும் நம்பி நடக்க இயலாது என்பதால், அதற்கு ஏற்பளிக்கும் இந்திய நர்சிங் கவுன்சில் படுக்கைக் கணக்கை விரிவாகக் கேட்கிறது. பள்ளியை நடத்தும் நிறுவனத்துக்கே உரியது ‘தாய் மருத்துவமனை’. அங்கு இல்லாத மனநலம், குழந்தை நலம் போன்ற பிரிவுகளுக்காக மாணவியரை அனுப்ப ஒப்பந்தம் செய்துகொள்ளப்படும் வெளி மருத்துவமனை ‘இணைவு மருத்துவமனை’. ஒரு மாணவிக்கு 3 நோயாளிகள் என்பது கவுன்சிலின் விகிதம். இணைவு மருத்துவமனை 30 கி.மீ. சுற்றுவட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்பதும், மலைப்பகுதிக்கும் பழங்குடிப் பகுதிக்கும் அது 50 கி.மீ. வரை தளர்த்தப்படும் என்பதும் அதன் விதிகள்.

இச்சலுகை பழனி மலைக்குப் போதுமானதா என்பது ஐயத்துக்குரியது. பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு மலைச்சாலை 60 கி.மீ.க்கும் மேல் வளைந்து ஏறுகிறது. நேர்கோட்டில் அளந்தால் அதில் பாதிகூட வராது. வடகவுஞ்சி போன்ற ஊராட்சிகளில், சாலையை விட்டு விலகிய குடியிருப்புகளுக்கு அதன்பின் நடந்தே செல்ல வேண்டியிருப்பதால், வரைபடத்தில் விதிக்குள் அடங்கும் ஊர் மாணவியின் ஒரு நாள் பயணத்தில் அடங்காமற்போகிறது.

எனினும் தொலைவைவிடப் பெரிய சிக்கல், நோயாளியின் அருகில் நிற்கும் மாணவிக்கு யார் பொறுப்பு என்பது. பள்ளி ஆசிரியைக்கு வார்டில் அதிகாரம் இல்லை. வார்டுப் பொறுப்புச் செவிலியருக்குக் கற்பிக்க நேரம் இல்லை. இடையில் மாணவி இரத்த அழுத்தம் பார்த்து எழுதும் கூடுதல் கையாக மாறிவிடுகிறாள். 1860இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் பள்ளி தொடங்கிய காலத்திலிருந்தே கற்றலும் உழைப்பும் பிரிக்கமுடியாமல் பின்னிக்கிடக்கின்றன. ஊதியமில்லா உழைப்பைப் பயிற்சி என்று அழைப்பதில் மருத்துவமனைகளுக்கு என்றுமே சங்கடம் இருந்ததில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, 1909இல் செவிலியர் பள்ளியாகத் தொடங்கி 1946இல் பட்டப்படிப்புக்கு உயர்ந்த தன் செவிலியர் கல்விக்கு வேறு வழி கண்டது. அங்குக் கற்பிப்பவரே நோயாளி பராமரிப்புக்கும் பொறுப்பேற்கும் இரட்டைப் பணிமுறை வழக்கில் உள்ளதால், பாடத்தில் சொன்னது வார்டில் நடக்கவில்லையெனில் கேட்கவும் திருத்தவும் ஆள் இருக்கிறார்.

பெரிய வளாகத்தில் இயலும் இம்முறையை மலைக்குக் கொண்டுவருவதாயின், வார்டின் இடத்தில் துணை சுகாதார நிலையத்தை வைத்துப் பார்க்க வேண்டும். சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று என்றால், மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது அந்நிலையத்துக்கான அளவுகோல். சமுதாய நலப் பயிற்சிக்கு வரும் மாணவி, வீட்டுத் திண்ணையில் செய்தித்தாளை விரித்து அதன்மேல் பையை வைத்து, சோப்பையும் துண்டையும் முதலில் வெளியே எடுத்து, கைகழுவிய பின்னரே பைக்குள் மீண்டும் கைவிடுகிறாள். தூய்மையானதும் தொற்றுள்ளதும் கலவாதிருக்க வகுத்த இந்தப் பை முறையை வகுப்பில் கற்றுவிடலாம். ஆனால் ஊற்றுநீர் குழாய் வறண்டிருக்கும் வீட்டில் கைகழுவ என்ன செய்வது, இரவில் வலி கண்ட கர்ப்பிணியை எந்நேரத்தில் மலையிறக்குவது ஆகியவற்றை அத்துணை நிலையத்தில் பணியாற்றும் கிராம சுகாதார செவிலியரே கற்றுத்தர முடியும்.

மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் அனுமதியும் நிறுவனங்களின் கையொப்பமும் இருந்தால் பயிற்சி நடந்துவிடும். ஆனால் தடுப்பூசி நாளையும் கர்ப்பிணிப் பதிவுகளையும் விடாமல் கவனித்தபடியே மாணவியருக்கும் வழிகாட்டும் கிராம சுகாதார செவிலியரைப் பயிற்றுநராக ஏற்று, பயிற்சி நடக்கும் வாரங்களுக்கு மதிப்பூதியமும், பதிவேட்டு வேலையில் பள்ளி ஆசிரியையின் துணையும் தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதுவது, 50 கி.மீ.யை 60 ஆக்குவதைவிட மலைக்குப் பயன்படும்.