சீன பாட்டரி வெடித்தால் பணம் கட்டுவது யார்?

வேலூரில் 2022-ம் ஆண்டு மார்ச் மாதம் நடந்த சோகம் பலருக்கு ஞாபகம் இருக்கும். ராத்திரி எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு சார்ஜ் போட்டிருந்தார்கள். தீ பிடித்தது. புகையில் மூச்சு திணறி அப்பாவும் 13 வயது மகளும் பிணமானார்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாத்தில் இன்னொரு பயங்கரம். கீழே எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஷோரூம், மேலே ஓட்டல். கீழே பிடித்த தீக்கு 8 பேர் பலி.

அதெல்லாம் கம்பெனி வண்டி. கேள்வி கேட்க ஒரு ஆள் உண்டு. ஆனால் குட்டி விமானம் விடும் பையன்களும், சைக்கிளுக்கு மோட்டார் மாட்டுகிறவர்களும் வெளிநாட்டில் இருந்து பார்சலில் செல் வரவழைத்து, தாங்களே பாட்டரி கட்டுகிறார்களே! அது வெடித்தால்?

லித்தியம் செல் பெரும்பாலும் 4.2 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. மீறி ஏற்றினால் சூடாகும், உப்பும். உள்ளே இருப்பது தீப்பற்றும் திரவம். ஒரு செல் பிடித்தால் பக்கத்து செல்லும் பிடிக்கும். அணைத்த பிறகும் திரும்ப எரியும். கம்பெனி பாட்டரியில் இதை தடுக்க சர்க்யூட் வைப்பார்கள். வீட்டில் கட்டியதில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

இன்சூரன்ஸ் தருமா?

வீட்டுக்காக 2021 ஏப்ரல் முதல் "பாரத் கிருஹ ரக்ஷா" என்ற ஒரே மாதிரி பாலிசி வந்திருக்கிறது. தீ விபத்துக்கு பணம் உண்டு. ஆனால் கொக்கி இருக்கிறது. தானாக சூடேறியோ, ஷார்ட் சர்க்யூட் ஆகியோ கெட்டுப்போன அந்த மின் சாமானுக்கு காசு கிடையாது. அதில் இருந்து தீ பரவி பீரோ, கட்டில் போனால் அதற்கு கேட்கலாம். வேண்டுமென்றே செய்த காரியம் என்றால் அதுவும் போச்சு. சர்வேயர் வந்து "பாட்டரிக்கு பில் எங்கே?" என்றால் எதை காட்டுவது?

பக்கத்து வீட்டுக்காரர் சும்மா விடுவாரா?

இந்த பாலிசி உங்கள் வீட்டுக்குத்தான். மாடி வீட்டுக்காரர் சாமான் எரிந்தால் அவர் உங்கள் மேல்தான் கேஸ் போடுவார். 1868-ல் லண்டனில் ஒரு தீர்ப்பு சொன்னார்கள். ரைலண்ட்ஸ் - பிளெட்சர் வழக்கு. ஒருவர் கட்டிய குளத்து தண்ணீர் பக்கத்து சுரங்கத்தில் புகுந்துவிட்டது. ஆபத்தான பொருளை கொண்டு வந்து வைத்தவரே பொறுப்பு என்றார்கள். நம்ம ஊர் கோர்ட்டுகளிலும் வக்கீல்கள் இதை எடுத்து போடுவது உண்டு. தண்ணீருக்கே அப்படி!

போலீசும் வரும். நெருப்பு விஷயத்தில் அஜாக்கிரதையாக இருந்து பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால், பாரதிய நியாய சன்ஹிதா 287-ம் பிரிவுப்படி 6 மாதம் வரை ஜெயில், அல்லது 2 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். யாராவது செத்தால் 106-ம் பிரிவு. 5 ஆண்டு வரை உள்ளே.

கடைக்காரர்கள் கவனத்துக்கு

2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்தில், வியாபாரத்துக்காக இறக்குமதி செய்கிறவரும் "விற்பனையாளர்"தான். சரக்கை செய்தது யார் என்று தெரியாவிட்டாலோ, அவர் நம் நாட்டு சட்டத்துக்கு அகப்படாவிட்டாலோ, விற்றவர் தலையில்தான் விடியும். ரிச்சி தெருவில் பெயர் இல்லாத செல் விற்கிறவர்கள் இதை படித்து வைப்பது நல்லது.

கடையில் வாங்கியவருக்கு அந்த கடைக்காரராவது அகப்படுவார். நேராக பார்சலில் வரவழைத்தவர் யார் மேல் கேஸ் போடுவது? சீனாவுக்கு சம்மன் அனுப்பி ஆளை பிடித்து வரமுடியுமா?

வாங்கும்போது செல் மீது பி.ஐ.எஸ். முத்திரை, "ஐ.எஸ். 16046", "ஆர்" என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பில்லை பத்திரமாக வையுங்கள். சார்ஜ் போட்டுவிட்டு படுக்காதீர்கள்.