முதிர்ந்த ஹைபிரிட் வண்டியின் நோய்களும் காப்பும்

வலியசாலைக் கிராமத்து வீடுகள் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்பவை. காந்தளூர் மகாதேவர் கோயிலைச் சூழ்ந்து குடியேறிய நம் முன்னோர் மோட்டார் வண்டியைக் கனவிலும் கருதியவர் அல்லர். இன்றோ நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் குடும்பத்தோடு சென்றுவரப் பெரிய வண்டியொன்று வேண்டும் என்ற ஆவல் நம்மிடையே எழுந்துள்ளது. பெட்ரோலும் மின்சாரமும் கூடி இழுக்கும் ஹைபிரிட் வண்டியை, எண்ணெய்ச் செலவு குறையுமென்று பலர் நாடுகின்றனர். அயல்நாடு சென்ற நம் பிள்ளைகள் பழைய வண்டியாகவே அதனை வாங்குவதும் உண்டு. ஆதலின் முதுமையில் அதற்கு நேரும் நோய்களை அறிந்துகொள்வது நலம்.

2005-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த டொயோட்டா ஹைலேண்டர் ஹைபிரிடை எடுத்துக்கொள்வோம். அதன் பெரிய பாட்டரியில் 1.2 வோல்ட் வலிமையுள்ள 240 நிக்கல் கலங்கள் சங்கிலிபோல் தொடர்ந்து, 288 வோல்ட் தருகின்றன. ஒரு கலம் நலிந்தாலும் முழுத் தொடரும் தளரும். வெப்பமே அதன் பெரும்பகை. வண்டிக்குள்ளிருந்து காற்றை இழுத்துக் குளிர்விக்கும் விசிறியின் வாயிலைத் துணிமூட்டைகளால் அடைத்தலாகாது. அதில் படியும் தூசியை அவ்வப்போது நீக்குதல் வேண்டும்.

பாட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றவாறு மாற்றித் தருவது இன்வெர்ட்டர். 2006, 2007 மாடல் வண்டிகளில் அதன் டிரான்சிஸ்டர் பற்றவைப்பில் குறை காணப்பட்டமையால், 2011 ஜூனில் அந்நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் சுமார் 82,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது; லெக்சஸ் ஆர்எக்ஸ் 400எச் வண்டிகளும் இதில் அடங்கும். அவ்வகையில் பழைய வண்டி வாங்குவோர், அப்பழுது நீக்கப்பட்டதா என்பதை வண்டி எண்ணைக் கொண்டு விசாரித்தறிதல் அவசியம். இன்வெர்ட்டரின் குளிர்நீர்ப் பம்பும் முதுமையில் பழுதாகக்கூடியதே.

பிரேக் பற்றியும் ஒரு சொல். வேகத்தைக் குறைக்கும் பணியின் பெரும்பகுதியை மோட்டாரே செய்துவிடுவதால், பிரேக் கட்டைகள் மெதுவாகவே தேய்கின்றன. ஆயினும் நம் கடற்கரை ஈரத்திலும் இடவப்பாதி மழையிலும் தட்டுகள் துருப்பிடித்து இறுகக்கூடும். ஆண்டுக்கொரு முறை கழற்றித் துடைக்கச் செய்தல் நன்று.

சிறிய 12 வோல்ட் பாட்டரியைப் புறக்கணித்தல் கூடாது. வண்டியின் கணினியை எழுப்புவது அதுவே. அது வறண்டால் பெரிய பாட்டரி நிறைந்திருந்தும் பயனில்லை. ஊர் சென்று பல வாரம் வண்டியை நிறுத்திவைப்போர் இதனை நினைவில் கொள்க.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயிர்க்கொல்லி மின்னழுத்தம் உடையவை. பயிற்சியற்ற மெக்கானிக் எவரையும் அவற்றைத் தொடவிடாதீர்கள்.

2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் அறிமுகமான கிராண்ட் விட்டாரா, இன்னோவா ஹைக்ராஸ் ஆகியவற்றின் ஹைபிரிட் வகைகளும் ஒருநாள் முதுமை எய்தும். அன்று மலிவு விலை கண்டு மயங்காமல், பாட்டரியைப் பரிசோதித்து, அதனை மாற்ற நேரின் ஆகும் செலவையும் கூட்டிப் பார்த்தே வாங்குங்கள். பாடுபட்டுச் சேர்த்த குடும்பப் பணம் வீணாகாதிருக்க அதுவே வழி.